நடுநரம்பு இல்லாத இலை

கவாசாகி
1966 ஏப்ரல் 15

அன்புள்ள அக்கா ஷிகெனோவுக்கு,

அங்கே இன்னும் பனி இருக்கிறதா? அத்தான் யோஹெய் சுகமா? இங்கே நாங்கள் இருவரும் நலம். புத்தாண்டு வாழ்த்து அட்டையை என் வீட்டுக்காரர் எழுதியதற்காக நீ கோபித்திருப்பாய். படியில் வழுக்கி விழுந்ததில் என் கையில் கட்டு போட்டிருந்தது. இப்போது சரியாகிவிட்டது. பார், நானே எழுதுகிறேன்.

நீ பிரித்துக் கொடுத்த கிபோஷிச் செடியைக் கம்பெனி வீட்டின் பின்பக்கம், வெயிலே விழாத மூலையில் வைத்திருந்தேன். ஓடில்லாத நத்தைகள் வராமல் சாம்பல் தூவினேன். நன்றாகத்தான் இருந்தது. தொட்டி உடைந்துவிட்டது. பூக்காத செடிக்கு எதற்கு இடம் என்பார் அவர்.

கடைத்தெருப் பூச்செடிக்காரர் இதையே சின்னத் தொட்டியில் வைத்து அமெரிக்கர்களுக்கு விற்கிறார். அவர்கள் ஊரில் 'ஹோஸ்டா' என்று பெயராம், மர நிழலில் அழகுக்கு வளர்ப்பார்களாம். "எங்க ஊர்ல இதைப் பறிச்சுத் தின்னுடுவோம்" என்றேன். ஒரு அடி பின்னால் நகர்ந்து நின்றார்!

இந்த வருஷமும் குருத்து அனுப்புவாயா? வேறொன்றும் வேண்டாம்.

உன் தங்கை,
கயோ

*

ஓகுனி
ஏப்ரல் 27

என் அருமைக் கயோ,

உன் கடிதம் வந்தபோது உன் அக்கா படுத்த படுக்கை. பயப்படாதே, இடுப்புதான். கூரையிலிருந்து சரிந்த பனியை அள்ளப் போய்ப் பிடித்துக்கொண்டது. நீ படியில் விழுகிறாய், நான் முற்றத்தில் விழுகிறேன். நல்ல குடும்பம் நம் குடும்பம்.

பெரிய துக்கம் வேறு. நான் படுப்பதற்குச் சில நாள் முன்பு, வீட்டுக்குப் பின்னால் பனி கரைந்திருந்த தேவதாரு நிழலில் என் கிபோஷிப் பாத்தியைப் பார்த்தேன். குளிர்காலம் முழுக்கப் பனிக்கடியில் எலிகள் வளை தோண்டிக் கிழங்கைத் தின்றிருக்கின்றன. அம்மா வைத்த நீல இலைக்காரி, கோயிலிலிருந்து வாங்கி வந்த வெள்ளைக் கரைக்காரி, பாதிக்கு மேல் காலி. போன இலையுதிர் காலத்தில்தான் பிரித்து நட்டு, மக்கிய இலை போட்டு மூடினேன். உட்கார்ந்து அழுதேன்.

"செடிக்காக யாராவது இப்படி அழுவாங்களா?" என்றார் உன் அத்தான்.

"உங்க கடல்ல மீன் செத்தா நீங்க அழ மாட்டீங்களா?"

"மீன் செத்தாத்தானே எங்களுக்குச் சோறு!"

கடற்கரைக்காரர், வீட்டோடு மாப்பிள்ளையாக மலைக்கு வந்து இத்தனை வருஷமாகியும் பேச்சு மாறவில்லை. ஆனால் நேற்று ஜன்னல் வழியாகப் பார்க்கிறேன், காலியாகக் கிடந்த இடமெல்லாம் பச்சைக் குருத்து! எப்படி என்று கேட்டால் வாய்க்குள் சிரிக்கிறார். மலையிலிருந்து தோண்டி வந்திருக்க வேண்டும். எழுந்து நடந்ததும் முதல் வேலை அதைப் போய்ப் பார்ப்பதுதான்.

உனக்கான குருத்தையும் அவரே பறித்து, ஈரச் செய்தித்தாளில் சுற்றி இன்று தபாலில் போட்டார். "தங்கச்சிக்கு நல்ல தடிமனா பார்த்துப் பறிச்சிருக்கேன்" என்று பெருமை வேறு. உன் வீட்டுக்காரர் குனிஹிகோவுக்கும் கொடு. மலைநாட்டு ருசி தெரியட்டும்.

கையை ஜாக்கிரதையாக வைத்துக்கொள்.

அக்கா
ஷிகெனோ

*

கவாசாகி
மே 2

அக்கா,

நலம் விசாரிக்க நிதானமில்லை. நீங்கள் இருவரும் அந்தக் குருத்தைச் சாப்பிட்டீர்களா? இதைப் பார்த்ததும் தந்தி கொடு. பாத்தியில் இருக்கும் எதையும் தொடாதே.

சனிக்கிழமை பார்சல் வந்தது. வேகவைத்து, காடி சேர்த்த மிஸோ விழுதில் புரட்டி இரவுச் சாப்பாட்டுக்கு வைத்தேன். அவர் சாப்பிட்டார். கொஞ்ச நேரத்தில் நாக்கு மரத்துப்போகிறது என்றார். பிறகு வாந்தி. நிற்கவே இல்லை. உடம்பெல்லாம் குளிர்ந்து வேர்த்து, கூப்பிட்டால் பதில் இல்லை. ஆஸ்பத்திரிக்கு எடுத்துப் போகும்போது நாடி எங்கே என்று தேட வேண்டியிருந்தது.

"என்னம்மா குடுத்தீங்க?" என்றார் டாக்டர்.

"கிபோஷிக் குருத்து."

"மிச்சம் இருக்கா?"

சுகாதார அலுவலகத்தார் வந்து குப்பை வாளியிலிருந்த துண்டுகளை எடுத்துப் போனார்கள். இது கிபோஷியே இல்லை, பைகெய் என்ற விஷச் செடி என்கிறார்கள். இன்று காலை கண் திறந்தார். உயிருக்கு ஆபத்தில்லையாம். நேற்று வரை அதைக்கூட யாரும் சொல்லவில்லை.

நான் சாப்பிடவில்லை. அன்று எனக்குப் பசியில்லை.

கயோ

*

ஓகுனி
மே 5

கயோ,

நாங்கள் நலம் என்று தந்தி கொடுத்தேனே, கிடைத்ததா? நலம் என்ற சொல்லை எழுதவே கை கூசுகிறது. நாங்கள் பின்வாசல் பக்கத்துப் பழைய செடிகளில் மட்டும் பறித்துத் தின்றோம். நல்லதையெல்லாம் உனக்கென்று ஒதுக்கி வைத்தாராம்.

உன் கடிதத்தை நான்தான் சத்தமாகப் படித்தேன். பாதியில் அவர் முகம் சாம்பலாகிவிட்டது. என்னை முதுகில் தூக்கிக்கொண்டு பாத்திக்கு ஓடினார். இறக்கிவிட்டதும் ஒரு இலையைப் பிடித்துப் பார்த்தேன். நடுநரம்பு இல்லை. கிபோஷி இலையில் நடுவே ஒரு நரம்பு ஓடி, அதிலிருந்து மற்றவை கிளை பிரியும், காம்பும் நீளமாக இருக்கும். இதில் எல்லா நரம்பும் அடியிலிருந்தே விசிறி மடிப்பு மாதிரி வரிசையாக வருகின்றன. காம்பே இல்லாமல் தண்டைச் சுற்றிப் பிடித்திருக்கிறது. நம் ஊரில் நடக்கத் தெரிந்த பிள்ளைக்கும் இது தெரியும். அவருக்குத் தெரியாது. நானும் சொல்லிக் கொடுக்கவில்லை. சொல்ல வேண்டுமென்று தோன்றியதே இல்லை.

"இதை எங்கேருந்து கொண்டாந்தீங்க?"

"மேல ஓடைக்கரையில. நீ அழுதியேன்னு போனேன். பெருசா, பச்சைப்பசேல்னு இருந்துது. உன் செடியேதான்னு நெனைச்சேன்..."

அப்படியே சேற்றில் உட்கார்ந்துவிட்டார். எழுப்ப என்னால் முடியவில்லை, இடுப்பு விடவில்லை. இரண்டு பேரும் அங்கேயே கிடந்தோம்.

நாளைக்கு ரயில் ஏறி அங்கே வருகிறார். உன் வீட்டுக்காரர் என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்வேன் என்கிறார். நீ கொஞ்சம் பக்கத்தில் இரு.

ஷிகெனோ

*

கவாசாகி
மே 19

அன்புள்ள அக்காவுக்கு,

இடுப்பு வலி குறைந்ததா? என் வீட்டுக்காரர் ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டார். கஞ்சி குடிக்கிறார். அடுத்த வாரம் வேலைக்குப் போகலாமாம்.

அத்தான் இங்கே வந்தபோது நடந்ததை உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார். அதனால் நான் எழுத வேண்டும்.

ஆஸ்பத்திரி அறைக்குள் நுழைந்ததும் தரையில் மண்டியிட்டு நெற்றியைத் தரையில் வைத்தார். "என் தப்பு. என் தப்பு மட்டும்தான். ஷிகெனோவுக்கு எதுவும் தெரியாது" என்றார். இவர் எழுந்திருக்கச் சொல்லவில்லை.

"வீட்டோட மாப்பிள்ளையாப் போனவனுக்கு எது கீரை எது விஷம்னுகூடவா தெரியாது? பொண்டாட்டி போட்ட சோத்தைத் தின்னு தின்னு மூளை மழுங்கிடுச்சா?"

பக்கத்துப் படுக்கைக்காரர்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இவர் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அத்தான் தலையைத் தூக்கவே இல்லை. கடைசியில் நர்ஸ் வந்துதான் தோளைப் பிடித்து எழுப்பினாள்.

பஸ் நிறுத்தம் வரை நான் கூடப் போனேன். "நல்லவேளை, நீ சாப்பிடல. நீயும் சாப்பிட்டிருந்தா நான் உயிரோட ஊருக்குத் திரும்பியிருக்க மாட்டேன்மா" என்றார்.

பஸ் வந்துவிட்டது.

கயோ

*

ஓகுனி
ஜூன் 14

அன்புள்ள கயோவுக்கு,

மழைக்காலம் தொடங்கிவிட்டது. நீ எப்படி இருக்கிறாய்? உன் வீட்டுக்காரர் தெம்பாகிவிட்டாரா? நான் எழுந்து நடமாடுகிறேன். நடந்து போய்ப் பார்க்கத்தான் ஒன்றுமில்லை.

போன வாரம் நான் வைத்தியரிடம் போயிருந்த நேரத்தில் உன் அத்தான் பாத்தி முழுவதையும் தோண்டிவிட்டார். விஷச் செடியை மட்டும் என்றால் சரி. எலிக்குத் தப்பிய நல்ல கிபோஷிகள், அம்மாவின் நீல இலைக்காரி, எல்லாவற்றையும். நான் வரும்போது கடைசிக் கூடையை ஆற்றில் கொட்டிக்கொண்டிருந்தார்.

"அது நல்லதுங்க! அது அம்மாவோடது!" என்று கத்தினேன்.

"எது நல்லது, எது கெட்டதுன்னு என்னை மட்டும் கேக்காத," என்றார்.

தேவதாரு நிழலில் இப்போது வெறும் கருப்பு மண். மழை அதில் குழி போடுகிறது. சுகாதார அலுவலகம் கிராம அறிவிப்புப் பலகையில் அவர் பெயரோடு எச்சரிக்கை ஒட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டம்மா நான் கொடுத்த ஊறுகாயை மூடியைத் திறக்காமலேயே திருப்பிக் கொடுத்துவிட்டாள். "வயிறு சரியில்ல, அதான்" என்றாள். அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

ஒன்று மட்டும் மனதில் உறுத்துகிறது. தப்பாக எடுத்துக்கொள்ளாதே. சின்ன வயதில் கொதிக்கிற பானையிலிருந்தே குருத்தை எடுத்துத் தின்று வாயைச் சுட்டுக்கொள்வாய். அன்றைக்குப் பார்த்து உனக்கு எப்படிப் பசியில்லாமல் போயிற்று? கழுவும்போதும் உன் கண்ணில் படவில்லையா? விடு. அந்தப் பட்டணத்து மங்கல் விளக்கில் யாருக்குத்தான் தெரியும்! நீ தப்பித்ததே போதும்.

அக்கா

*

ஓகுனி
ஜூலை 22

கயோவுக்கு,

உன்னிடமிருந்து ஒரு வரியும் இல்லை. உடம்புக்கு ஏதாவதா? நான் கேட்டதில் கோபமா? அப்படியானால் அந்தக் கேள்வியைக் கிழித்துப் போடு. நீ சுகமாக இருக்கிறாய் என்று மட்டும் எழுது.

இங்கே நிலைமை சரியில்லை. உன் அத்தான் தன் துணிகளை ஒரு மூட்டையாகக் கட்டி வைத்திருக்கிறார். ஆகஸ்டில் முன்னோர்களை வரவேற்கும் விழா முடிந்ததும் கடற்கரைக்கு, அண்ணன் வீட்டுக்கே போய்விடுகிறாராம்.

"உங்க அப்பா அம்மா இந்த வீட்டை நம்பிக் குடுத்தாங்க. அவங்க பொண்ணு புருஷனையே கொல்லப் பார்த்துட்டேன். எந்த முகத்தோட அவங்க படத்துக்கு விளக்கு ஏத்துவேன்?"

"தெரிஞ்சா செஞ்சீங்க?"

"அவன் செத்திருந்தா, தெரியாம செஞ்சேன்னு சொன்னா பொழைச்சு வந்திருப்பானா?"

நான் அழுதேன், திட்டினேன், மூட்டையை அவிழ்த்து எறிந்தேன். மறுநாள் மறுபடி கட்டிவிட்டார். நீ ஒரு வார்த்தை எழுதினால் கேட்பார் என்று நினைக்கிறேன். உனக்குத்தானே அவர் தீங்கு செய்துவிட்டதாக மருகுகிறார். நீ மன்னித்துவிட்டதாக எழுது, கயோ. எனக்காக.

ஷிகெனோ

*

கவாசாகி
ஆகஸ்ட் 1

அக்கா,

உன் உடம்பு எப்படி என்று கேட்கும் யோக்கியதை எனக்கு இருக்கிறதா தெரியவில்லை. இதைப் படித்து முடித்ததும் அத்தானிடம் படித்துக் காட்டு. மூட்டையோடு அவரைப் போக விடாதே.

அவர் மன்னிப்புக் கேட்க ஒன்றுமே இல்லை. எனக்குத் தெரியும். பார்சலைப் பிரித்ததும் தெரிந்துவிட்டது. விளக்கு மங்கல் இல்லை, அப்போது பகல். ஒரே இலையைத் திருப்பியதும் பார்த்தேன், நடுநரம்பு இல்லை. பாவம், அத்தான் ஏமாந்துவிட்டார் என்று எனக்குள் சிரித்துக்கூடக் கொண்டேன். நல்லதை ஒரு பக்கம், கெட்டதை ஒரு பக்கமாகப் பிரித்து வைத்தேன். கெட்டதை எறிந்துவிட்டு உனக்கு உடனே எழுதத்தான் இருந்தேன்.

அப்போது அவர் வந்தார். குளிக்கும் தண்ணீர் சூடாகவில்லை. அதற்காக அந்தக் கையைப் பிடித்து முறுக்கினார், கட்டுப் போட்டிருந்த அதே கையை. நான் படியில் விழவில்லை, அக்கா. எந்தப் படியிலும் நான் விழுந்ததே இல்லை. செடித் தொட்டியும் தானாக உடையவில்லை. முதல் வருஷத்திலிருந்தே இப்படித்தான். நீ வருத்தப்படுவாய் என்று எழுதவில்லை. பிறகு, இத்தனை நாள் எழுதாததை இப்போது எப்படி எழுதுவது என்று எழுதவில்லை.

அவர் குளிக்கப் போனார். நான் அடுப்படிக்குத் திரும்பி வந்து ஒரு குவியலை அள்ளிக் கொதிக்கிற தண்ணீரில் போட்டேன். எந்தக் குவியல் என்று தெரிந்துதான் போட்டேன்.

"கசக்குதே," என்றார் சாப்பிடும்போது. "உங்க ஊர்க்காரங்க நாக்கே இப்படித்தானா?" என்று சிரித்துக்கொண்டே முழுவதையும் தின்றார். நான் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். நிறுத்தச் சொல்ல எவ்வளவோ நேரம் இருந்தது. சாகட்டும் என்று நினைத்தேனா என்றால், இல்லை என்று எழுத என் கை வரமாட்டேன் என்கிறது. அவர் சரிந்து விழுந்ததும் செருப்புக்கூடப் போடாமல் பக்கத்து வீட்டுப் போனுக்கு ஓடினேன். ஓடியதும் நான்தான்.

அத்தான் மண்டியிட்டபோது வாயைத் திறந்திருக்க வேண்டும். பயத்தில் நின்றேன். சுகாதார அலுவலகத்தாருக்கு ஒன்றும் தெரியாது. இவருக்கும் தெரியாது. இனி நீ என்னை என்ன செய்தாலும் சரி.

கயோ

*

ஓகுனி
ஆகஸ்ட் 5

கயோ,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு அடுப்பில் வைத்த சோற்றை மறந்துவிட்டேன். கருகிய வாசனைக்கு உன் அத்தான் ஓடிவந்து பானையை இறக்கினார். நான் அங்கேயே நின்றுகொண்டிருந்தேனாம்.

எனக்கு உன்மேல் வந்த கோபத்தை மறைக்க மாட்டேன். பாவி! அந்த மனுஷன் தரையில் நெற்றியை வைத்ததைப் பார்த்துக்கொண்டு நின்றாயே. பஸ் நிறுத்தம் வரை கூடவே நடந்தாயே. இங்கே ஊரே எங்களை விஷக்காரர்கள் மாதிரிப் பார்த்தது. அவர் எலும்பாகிவிட்டார். உன் கையால் ஒரு மனுஷனுக்கு விஷம் பரிமாறியிருக்கிறாய் என்பதை இன்னும் என்னால் நம்ப முடியவில்லை. நான் தூக்கி வளர்த்த கயோதானா என்று கடிதத்தின் கையெழுத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன்.

இப்படியெல்லாம் திட்டிக்கொண்டே அவருக்குப் படித்துக் காட்டினேன். முழுவதும் கேட்டார். அவர் கத்துவார், அல்லது நிம்மதியாக மூச்சு விடுவார் என்று நினைத்தேன்.

"கை முறிஞ்சது எப்போ?" என்றார்.

"புத்தாண்டுக்கு முன்னாடி."

"நாம அவ கடிதத்தைப் படிச்சோம்."

"ஆமா."

"படியில வழுக்கிட்டாளாம்னு சிரிச்சோம்."

அவர் எழுந்து போய் அந்தத் துணி மூட்டையை அவிழ்த்தார். தங்கிவிடுவார் என்று நினைத்தேன். அதிலிருந்து நல்ல சட்டையை மட்டும் எடுத்து உதறி மாட்டினார். பிறகு காகிதம் கேட்டார். பொண்ணு பார்க்க வந்த காலத்தில்கூட எனக்கு ஒரு வரி எழுதாதவர், குனிந்து எழுதிக்கொண்டிருக்கிறார். என்ன என்று காட்டவில்லை. இதே உறையில் வைத்து ஒட்டுகிறேன். கம்பெனி வீட்டு முகவரிக்கு வேண்டாம், அந்தப் பூச்செடிக்காரர் கடை முகவரிக்கு அனுப்பு என்கிறார். அத்தனை யோசிக்கிறார்.

என் கோபம் தீரவில்லை. அதற்காக நீ வராமல் இருந்துவிடாதே.

ஷிகெனோ

*

ஓகுனி
ஆகஸ்ட் 5

கயோவுக்கு யோஹெய் எழுதுவது.

எனக்குக் கடிதம் எழுத வராது. உடம்பைப் பார்த்துக்கொள் என்றுதான் தொடங்க வேண்டுமாம்.

நீ செய்தது பெரிய தப்பு. அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதை வீட்டில் உட்கார்ந்து பேசலாம். உன் அக்கா திட்டுவாள், நானும் திட்டுவேன். ஆனால் அந்த வீட்டில் இருந்துகொண்டு நீ திட்டு வாங்க வேண்டாம்.

பதின்மூன்றாம் தேதி சனிக்கிழமை மத்தியானம் கவாசாகி ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் இடத்துப் பக்கம் நிற்பேன். டோஃபு வாங்கப் போகிற மாதிரிக் கிளம்பி வா. கையில் ஒன்றும் எடுக்காதே. அவன் எதிரில் வந்தாலும் பரவாயில்லை. போன தடவை நான் அவன் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை.

யோஹெய்

*

ஓகுனி
அக்டோபர் 9

குனிஹிகோ அவர்களுக்கு,

நலமா என்று கேட்டு ஆரம்பிப்பது முறை. நான் கேட்கவில்லை.

ஊருக்கு எழுதிக் கேட்டும், கம்பெனி ஆளை அனுப்பியும் என்னைத் திரும்ப வரச் சொல்கிறீர்கள். என் அத்தான் விஷம் கொடுத்த கதையை நாலு பேரிடம் சொல்வேன் என்று மிரட்டுகிறீர்கள். அதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

அவர் தெரியாமல் பறித்தார். நான் தெரிந்து சமைத்தேன். அது பைகெய் என்று தெரிந்தே உங்களுக்குப் பரிமாறினேன். போன வாரம் இங்குள்ள சுகாதார அலுவலகத்துக்குப் போய் இதையே சொன்னேன். அந்த அலுவலர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அம்மா, நீங்க என்ன சொல்றீங்கன்னு தெரிஞ்சுதான் சொல்றீங்களா?" என்றார். தெரிந்துதான் சொல்கிறேன் என்றேன். பலகையிலிருந்து அத்தான் பெயரைக் கிழித்துவிட்டார்கள். போலீசுக்கும் எழுதியிருக்கிறார்களாம். அவர்கள் வந்து கேட்டால் அன்று சாயங்காலம் நடந்ததையும், அதற்கு முன் நடந்ததையும் முதலிலிருந்து சொல்வேன். என் கையை இங்கே வைத்தியர் பார்த்தார். எலும்பு இரண்டு தடவை முறிந்து கோணலாகச் சேர்ந்திருக்கிறது என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்.

நான் செய்ததற்கு என்ன தண்டனை கொடுத்தாலும் ஏற்றுக்கொள்வேன். அத்தான் முன்னால் மண்டியிட்டேன். அவர் தூக்கிவிட வரவில்லை. கொஞ்ச நேரம் அப்படியே விட்டார். பிறகு, "போதும், சோறு ஆறுது" என்றார். அக்கா இன்னும் என்னோடு சரியாகப் பேசுவதில்லை. அவள் பேசாமல் இருப்பது நியாயம்.

நீளமாக எழுத நேரமில்லை. கோயிலிலிருந்து கிபோஷிக் கிழங்குகள் கொடுத்திருக்கிறார்கள். உறைபனி விழுவதற்குள், எலி தோண்டாதபடி கம்பிவலை விரித்து நட்டாக வேண்டும். இரண்டு பேர் வேலை.

பகலெல்லாம் நான் வீட்டின் வடக்குப் பக்கத்தில், தேவதாரு நிழலில்தான் இருப்பேன். யாரை அனுப்புவதானாலும் அனுப்புங்கள். வழி கேட்டால் ஊரில் யாரும் காட்டுவார்கள்.

கயோ